மன்றத் தீர்மானம் வந்துவிட்டால் நில உபயோகம் மாறிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கல்யாண மண்டபத்தைப் பற்றியது. உங்கள் வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அதை வாங்கியவர் மண்டபம் கட்டப்போகிறார். ஊரின் எந்தப் பகுதி எந்த உபயோகத்துக்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் அந்த இடம் குடியிருப்பு என்று காட்டப்பட்டிருந்தும், அதை வணிக உபயோகத்துக்கு மாற்றுவதில் ஆட்சேபணை இல்லை என்று பேரூராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. ‘தீர்மானம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, ஒரு நிலத்தின் உபயோகத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும், அந்த அதிகாரம் செலுத்தப்படுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரின் சொல் எந்தக் கட்டத்தில் காதில் விழும் என்பதையும்தான். நகர் ஊரமைப்புப் பணியில் நெடுங்காலம் வரைபடங்களோடும் கோப்புகளோடும் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. உங்கள் கோப்பையும் நான் பார்க்கவில்லை. ஆகவே சட்டத்தில் உறுதியாக உள்ளதையும், உங்கள் ஆவணங்களைப் பார்த்த பிறகே சொல்லக்கூடியதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. தமிழ்நாட்டில் நில உபயோகத்தை ஆள்வது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்று நடைமுறையில் உள்ள இடத்தில், அத்திட்டத்துக்கு ஒத்த வகையில் அல்லாமல் நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு புல எண்ணுக்கு (சர்வே எண்) வேறு உபயோகம் வேண்டுமென்றால், சட்டத்தின் பார்வையில் அது அந்தத் திட்டத்தையே திருத்துவதாகும். அதற்கான வழி 32-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தத் திருத்தம் உரிய அதிகாரத்தின் ஆணையாகவும் அரசிதழ் அறிவிக்கையாகவும் வந்தால்தான் நிலத்தின் வகை மாறியதாகக் கொள்ள முடியும். பேரூராட்சி மன்றத்தின் தீர்மானம் அந்த ஆணை அல்ல. அப்பகுதியின் திட்ட அமைப்பான உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும், அதற்கு மேலே மாநில அளவில் உள்ள நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் போகும் கோப்பில் அது ஒரு தாள். உள்ளாட்சியின் கருத்து என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே ‘தீர்மானம் ஆகிவிட்டது’ என்பது உண்மையாக இருக்கலாம். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவல்ல.

அதற்காகத் தீர்மானத்தை அலட்சியம் செய்துவிடவும் வேண்டாம். உள்ளாட்சி ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த ஒன்றை மேலே இருப்பவர்கள் தாமாக முன்வந்து மறுப்பது குறைவு. மறுக்க வேண்டுமென்றால் அதற்கான காரணத்தை யாராவது அந்தக் கோப்புக்குள் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வழங்கத்தக்க பொருள்களில் முதலாவதாக நகரத் திட்டமிடலும் இரண்டாவதாக நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவதும் இருக்கின்றன. ஆனால் 243-டபிள்யூ பிரிவு அவற்றை வழங்குவதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டிருப்பதால், நடைமுறையில் மன்றம் கருத்து சொல்லும் இடத்திலும், துறை முடிவெடுக்கும் இடத்திலும் நிற்கின்றன. இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானதல்ல. ஊரைத் தெரிந்தவர்களிடம் முடிவு இல்லை, முடிவெடுப்பவர்களுக்கு ஊர் தெரிவதில்லை. ஆனால் இப்போது உங்களுக்குச் சாதகமாக இருப்பது இந்த ஏற்பாடுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, உங்கள் கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ‘நஞ்சையில் எப்படி மண்டபம் கட்டலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்பவை வருவாய்த் துறையின் வகைப்பாடு. சிட்டாவிலும் அடங்கலிலும் அ-பதிவேட்டிலும் இருப்பது அது. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்பவை முழுமைத் திட்டத்தின் உபயோக வகைகள். அவை வரைபடத்திலும் அதனோடு இணைந்த புல எண் பட்டியலிலும் இருக்கின்றன. ஒன்று நிலம் எதுவாக இருந்து வந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. மற்றது நிலம் இனி எதுவாகலாம் என்பதைச் சொல்கிறது. பட்டாவில் நஞ்சை என்றிருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருப்பது சாதாரணம். ஊர் விரிவடையும் திசையை முன்கூட்டி வரைந்திருப்பார்கள். ஆகையால் நஞ்சை என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினால், முழுமைத் திட்டம் உள்ள ஊரில் அது பெரும்பாலும் எடுபடாது. அந்த நிலத்தின் குறுக்கே பாசன வாய்க்கால் ஓடுகிறது, அதன் ஒரு பகுதி குளத்தின் உள்வாய், அதாவது நீர் தேங்கும் பரப்பு, என்று காட்ட முடிந்தால் நிலைமை வேறு. நீர்நிலை என்பது வகை மாற்றத்தால் கரைந்துபோகும் பொருள் அல்ல. 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் குளத்து நிலத்தை வீட்டுமனையாக ஒதுக்கியதை ஏற்க மறுத்ததிலிருந்து நீதிமன்றங்கள் இதில் கண்டிப்பாகவே இருந்து வருகின்றன.

வரைபடத்தை நீங்கள் நேரில் பார்த்தீர்களா, அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினீர்களா என்பது உங்கள் கேள்வியிலிருந்து விளங்கவில்லை. பார்க்காதிருந்தால் முதல் வேலை அதுதான். வரைபடத்தில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் நிறைய. நிறத்தின் எல்லைக்கோடு பல இடங்களில் ஒரு புல எண்ணை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். அந்தப் புல எண் பிறகு உட்பிரிவாகி 112/3 என்பது 112/3அ, 112/3ஆ என்று பிரிந்திருக்கும். பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, பழைய திட்டப் பட்டியலில் தாய் எண் மட்டும் என்று இருக்கும். எனவே கிராம வரைபடத்தையும் அந்தப் புல எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கி, முழுமைத் திட்டத்தின் கோட்டை அதன்மேல் ஒப்பிட்டு, விண்ணப்பித்தவரின் நிலம் முழுவதும் குடியிருப்பில் விழுகிறதா, சாலையோரப் பகுதி ஏற்கெனவே வணிகத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பிரதான சாலையை ஒட்டி ஒரு பட்டை வணிகமாக வரையப்பட்டிருப்பதும், அதன் பின்பகுதி குடியிருப்பாக இருப்பதும் நான் அடிக்கடி கண்டது. அப்படியானால் அவர் மாற்றக் கேட்பது பின்பகுதியை மட்டுமாக இருக்கக்கூடும். உங்கள் ஆட்சேபணையும் அதற்கேற்பச் சுருங்கிக் கூர்மையாக வேண்டும்.

‘குடியிருப்பு’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரண்டைப் பிரிக்கின்றன. முதலாவதில் வீடுகளும் வீடுகளுக்கு அன்றாடம் தேவையான சிறு வசதிகளுமே முக்கியம். இரண்டாவதில் சாலை அகலம் முதலிய நிபந்தனைகளோடு வேறு பல உபயோகங்களுக்கும் இடமுண்டு. கூட்டம் கூடும் கட்டடங்களும் அவற்றில் அடங்கக்கூடும். உங்கள் பக்கத்து நிலம் கலப்புக் குடியிருப்பாக இருந்தால், சச்சரவு வகை மாற்றத்தைப் பற்றியதாக இல்லாமல் சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, வாகன நிறுத்தம் ஆகியவற்றைப் பற்றியதாகிவிடும். வணிகத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார்கள் என்பதால் அது முதன்மைக் குடியிருப்பாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊகம்தான், உபயோக வகைச் சான்றை எழுத்தில் பெற்ற பிறகே அதை நம்புங்கள்.

இனி உங்கள் குரல் எங்கே கேட்கும் என்பது. வகை மாற்றக் கோரிக்கை வந்தால், அதைப் பற்றிப் பொதுமக்களின் ஆட்சேபணையையும் ஆலோசனையையும் கேட்டு நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடுவது நடைமுறை. அந்த அறிவிப்பில் புல எண், பரப்பு, இப்போதைய வகை, கோரப்படும் வகை, எத்தனை நாளுக்குள் யாருக்கு எழுத வேண்டும் என்பவை இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. ஏலம், நீதிமன்ற அறிவிப்புகளுக்கு இடையில் பொடி எழுத்தில் ஒரு கட்டமாக வந்துவிட்டுப் போய்விடும். அது வந்துவிட்டதா, வந்திருந்தால் எந்தத் தேதியில் என்பதை உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாய்மொழியில் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்ப நகல், தள வரைபடம், மன்றத் தீர்மான நகல், அந்தக் கூட்டத்தின் அஜெண்டா, நாளிதழ் அறிவிப்பின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபணைக் காலத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். கையில் உள்ளதை வைத்து முதல் மனுவைக் கொடுத்துவிட்டு, நகல்கள் வந்ததும் கூடுதல் மனு கொடுக்கலாம்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் தோற்கும் மனுக்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. ‘மண்டபம் வந்தால் எங்களுக்கு மிகவும் இடைஞ்சலாக இருக்கும், ஆகவே அனுமதி அளிக்கக் கூடாது’ என்று நாற்பது கையெழுத்தோடு வரும் மனுவில், கோப்பைக் கையாளும் அலுவலர் மேற்கோள் காட்டக்கூடிய ஒரு வரிகூட இருக்காது. அதே மனுவில், ‘மனைக்குச் செல்லும் ஒரே தெரு, மேற்குப் பக்க வடிகால் சுவரிலிருந்து கிழக்குப் பக்க மின்கம்பம் வரை அளந்ததில் பதினெட்டு அடி, அதே தெருவில் துவக்கப் பள்ளியின் வாசல் இருக்கிறது, பிரதான சாலையில் சேரும் முனையில் தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லை, சுற்றிலும் உள்ள புல எண்கள் அனைத்தும் குடியிருப்பாகவே இருக்கையில் இந்த ஒரு மனையை மட்டும் பிரித்து வணிகமாக்குவதற்குத் திட்ட அடிப்படையில் காரணம் எதுவும் தீர்மானத்தில் கூறப்படவில்லை’ என்று எழுதி, அளந்து வரைந்த படத்தையும் இரண்டு புகைப்படத்தையும் இணைத்தால், அதற்குப் பதில் எழுதாமல் அடுத்த படிக்குப் போவது கடினம். கையெழுத்து எத்தனை என்பதைவிட அளவு எத்தனை என்பதுதான் இந்தத் துறையின் மொழி. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் ஒரு பிரதியை நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் அனுப்புங்கள்.

உங்கள் நிலைமைக்கு மிகவும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. உடுப்பி நகர்மன்றப் பகுதியில் கல்யாண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமும் கட்ட அனுமதி பெற்ற ஒருவர், பிறகு அதைத் திரையரங்காக மாற்ற அனுமதி வாங்கினார். அது நகரத் திட்டத்தின்படி குடியிருப்புப் பகுதி. அங்கே வசித்த ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். ராமதாஸ் ஷெனாய் வழக்கு என்று அறியப்படும் அதில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. திட்டத்தை அமல்படுத்தும் கடமை உள்ளாட்சிக்கு உண்டு, அந்தக் கடமையை அது மீறினால் அப்பகுதியில் வசிப்பவர் நீதிமன்றத்தை அணுகலாம், கட்டடத்தில் ஏராளமாகச் செலவழித்துவிட்டேன் என்பது சட்ட அதிகாரம் இல்லாத ஓர் அனுமதியைக் காப்பாற்றாது என்பவை அதன் சாரம். 1991-இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கிலும், பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்க்க அப்பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் என்ன வேலை?’ என்ற கேள்விக்கு விடை கிடைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். உடுப்பியில் திட்டம் மாற்றப்படாமலே திட்டத்துக்கு எதிரான அனுமதி தரப்பட்டது. உங்கள் ஊரில் திட்டத்தையே மாற்றப் பார்க்கிறார்கள். முறைப்படி அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணையைக் கேட்டு, காரணம் சொல்லி மாற்றிவிட்டால், அந்த முடிவு சரியா தவறா என்ற ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் எளிதில் இறங்காது. முறை பிறழ்ந்ததா, பொருந்தாத காரணம் பார்க்கப்பட்டதா, ஒருவருக்காக மட்டும் செய்யப்பட்டதா என்பதைத்தான் பார்க்கும்.

எடுபடாத வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டின் விலை குறையும் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நில உபயோகத்தை முடிவு செய்வதில் அதற்கு எடை மிகக் குறைவு. விண்ணப்பித்தவர் யார், எந்தக் கட்சி என்பதை மனுவில் எழுதாதீர்கள். அவருடைய உறவினரான உறுப்பினர் மன்றத்தில் வாக்களித்தார் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் மட்டும், தன் வழக்குக்குத் தானே நடுவராக இருக்கக் கூடாது என்ற கோட்பாட்டின் கீழ் அதை ஒரே பத்தியில் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு, ‘இதே தெருவில் ஏற்கெனவே ஒரு மாவு ஆலை இல்லையா?’ என்று கேட்கும். அனுமதியில்லாமல் நடக்கும் ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்கு உரிமை கோர முடியாது என்பது நிலைபெற்ற சட்டம். சமத்துவம் என்பது சட்டமீறலில் சமத்துவம் அல்ல.

ஒலியைப் பற்றி மிகவும் கவலைப்பட்டிருந்தீர்கள். அது வேறொரு சட்டத்தின் வழியே போகும் பிரச்சினை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. தனியார் இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அளக்கும்போது அப்பகுதியின் வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. இந்த எண்களை மனுவில் பயன்படுத்துங்கள். மனை வணிகமாகிவிட்டால் வரம்பும் பத்து டெசிபல் உயரும் என்று பிற்பாடு வாதம் வரக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒலி விதிகளுக்கான பகுதி வகைப்பாட்டை மாநில அரசு தனியாகச் செய்கிறது, ஒரு மனையின் உபயோகம் மாறியதால் அது தானாக மாறிவிடாது என்பதே சரியான நிலை என்று நான் கருதுகிறேன். ஆனால் அதை முன்கூட்டியே பதிவில் வைத்திருப்பது நல்லது.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீடு இருக்கும் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா? சிற்றூர்களில் ஆட்சேபணை எழுதுபவரின் மனையே அங்கீகாரமற்றதாக இருப்பது வெகு சாதாரணம். எதிர்த்தரப்பு முதலில் தேடுவதும் அதைத்தான். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. உங்கள் மனை அதில் வரன்முறையாகியிருந்தால் அந்த ஆணையைத் தேடி எடுத்து வையுங்கள். ஆகாதிருந்தால் உங்கள் ஆட்சேபணை செல்லாததாகிவிடாது, ஆனால் முன்வரிசையில் வேறொருவர் கையெழுத்திடுவது புத்திசாலித்தனம். கூடவே, அந்த ஒன்றரை ஏக்கரில் ஏதாவது ஒரு துண்டு பழைய மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்றோ பொது உபயோகம் என்றோ காட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் மற்ற எல்லா வாதத்தையும் பின்னுக்குத் தள்ளி அதை முதலில் வையுங்கள். பெங்களூரு தீர்ப்பு நேராகப் பொருந்துவது அங்கேதான்.

ஒருவேளை உங்கள் ஊர் எந்த முழுமைத் திட்டத்திலும் அடங்காததாக இருந்து, வரைபடம் என்று உங்களிடம் சொல்லப்பட்டது வேறெதுவோ என்றால், மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. திட்டமில்லாப் பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றச் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017-ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. உள்ளாட்சி அனுமதிப்பதற்கு முன் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு வேண்டும், வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். அப்போது நஞ்சை என்ற உங்கள் வாதத்துக்கு உயிர் வந்துவிடும்.

நீதிமன்றத்துக்கு இப்போதே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் ஆணை வராத நிலையில் போனால், உங்கள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று அலுவலகத்துக்கு உத்தரவிட்டு வழக்கை முடித்துவைப்பதே உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் நடப்பது. அதுவும் பயனற்றதல்ல, ஆனால் அதற்குப் பரிசீலிக்கத்தக்க ஒரு மனு முதலில் இருக்க வேண்டும். ஆணை வந்த பிறகு, அதில் உங்கள் ஆட்சேபணைக்குப் பதில் இல்லை என்றால் வழக்கறிஞருக்கு வேலை இருக்கிறது. அறிவிப்பு வெளியானதற்கான ஆதாரமே கோப்பில் இல்லையென்றால் இன்னும் வலுவான வேலை இருக்கிறது.

வகை மாறியே விட்டாலும் கட்டடம் எழும்பிவிட்டதாகப் பொருள் இல்லை. கட்டுவதற்கான திட்ட அனுமதி என்பது தனியான இன்னொரு படி. 49-ஆம் பிரிவின்படி அனுமதி தருபவர் எந்த நோக்கத்துக்கு அனுமதி கேட்கப்படுகிறது, அந்த நோக்கத்துக்கு இடம் ஏற்றதா, பகுதியின் எதிர்கால வளர்ச்சி என்னவாகும் என்பவற்றைப் பார்க்கக் கடமைப்பட்டவர். மண்டபத்தையே தடுப்பது என்ற ஒரே குறியோடு நிற்பவர்கள் இந்தக் கட்டத்தில் சோர்ந்து விலகிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து பக்கத்து வீடுகளுக்கு உண்மையான நிம்மதி கிடைப்பது இங்கேதான். நுழைவாயில் உங்கள் தெருவில் இல்லாமல் பிரதான சாலையில் மட்டும் இருக்க வேண்டும், ஜெனரேட்டரும் சமையற்கூடமும் உங்கள் மதிலிலிருந்து எதிர்ப்பக்கத்தில் அமைய வேண்டும், வாகன நிறுத்தம் வரைபடத்தில் காட்டிய இடத்திலேயே தரையிலும் இருக்க வேண்டும், கழிவுநீர் தெரு வடிகாலில் விடப்படக் கூடாது என்பவற்றை நிபந்தனைகளாக எழுதும்படி கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்துக்கு மாறாகக் கட்டினால் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் நடவடிக்கை எடுக்கும்படி எழுத அந்த நகல் இல்லாமல் முடியாது. அஸ்திவாரம் போடும்போது எழுதும் கடிதத்துக்கு இருக்கும் பலன், கூரை போட்ட பிறகு எழுதும் கடிதத்துக்கு இருப்பதில்லை.